சிவப்பு நாடாவுக்கு அப்பால்

ஏழு வீட்டுக்குப் பங்கு போட்டுவிட்டுத்தான் தயாபரன் ஒஸ்லோத் துறைமுகத்தில் கப்பல் ஏறினான். மான் அப்போது டென்மார்க்கில் ஏதோ ஒரு காட்டோரம் புல் மேய்ந்துகொண்டு நின்றது. ஏழு வீட்டில் தனக்காகச் சட்டி கழுவி வைத்திருக்கிறார்கள் என்ற சங்கதி அதற்குத் தெரியாது.

பங்கு என்பது எங்கள் சனத்துக்குப் புதிய விசயமல்ல. நாலைந்து வீடு சேர்ந்து ஒரு கிடாயைப் பேசி, ஊருக்கு வெளியே பண்ணைக்காரனிடம் வெட்டுவித்து, பிளாஸ்டிக் விரிப்பில் கூறு கூறாக வைப்பார்கள். ஒவ்வொரு கூறிலும் ஈரலில் ஒரு துண்டு, நெஞ்செலும்பில் ஒரு துண்டு, கொழுப்பில் ஒரு துண்டு விழவேண்டும். விழாவிட்டால் அடுத்த கலியாணவீட்டில் முகம் பார்த்துக் கதைக்கமாட்டார்கள். தயாபரனுக்கு அந்தக் கூட்டத்தில் நிரந்தர உத்தியோகம் குடல் கழுவுவது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு காருக்குப் பின்னால் நிற்க, அவன் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்காருவான். இரைப்பையை வெட்டித் திறக்கும்போது வருகிற அந்தப் புளித்த பச்சைப் புல் மணம் அவனுக்கு நன்றாகத் தெரியும்.

மான் பங்கு மட்டும் புதிது. அதற்குக் காரணம் அவனுடைய வாய்.

அவன் ஒஸ்லோவில் அம்மருட் பக்கம் குடியிருக்கிறவன், பஸ் ஓட்டுகிறவன். கூட பஸ் ஓட்டுகிற ஏகில் என்ற நோர்வேக்காரன், குளிர்காலத்தில் பொழுது போகவில்லை என்று சொன்னவனை வில்லுச் சங்கத்துக்குக் கூட்டிப் போனான். போன இடத்தில் தெரிந்தது, தயாபரனுக்குக் கை ஆடுவதில்லை. ஐம்பது மீற்றரில் வைத்த குறியில் அவன் விட்ட அம்புகள் ஒரு தேத்தண்ணிக் கோப்பைக்குள் அடங்கின. நோர்வேயில் வில்லால் மிருகம் வேட்டையாடுவது சட்டப்படி குற்றம். டென்மார்க்கில் பரீட்சை எழுதி, அம்பு விட்டுக் காட்டித் தேறினால் ஆகும். இருவரும் போய்த் தேறினார்கள். ஏகிலுக்குத் தெரிந்த ஒரு நிலக்காரர் ஒக்ரோபர் நடுவில் வரச்சொன்னார்.

இதை மனதுக்குள் வைத்துக்கொண்டு போயிருக்கலாம். அதே ஊரில் ரொம்மன் பக்கம், குகநேசன் வீட்டுப் பிறந்தநாளில், மூன்றாவது பியரோடு, தயாபரன் கதையை எடுத்துவிட்டான். குகநேசன் அவனுடைய பள்ளிக்கூடச் சிநேகிதன். ஆளைக் கிளப்பிவிட்டுக் கூத்துப் பார்ப்பதில் கெட்டிக்காரன்.

"அப்ப விரதமெல்லாம் முடிஞ்சு வாற ஞாயிறு, மான் பங்கு," என்றான். "டென்மார்க் மான். ஆருக்கெல்லாம் வேணும், கையைத் தூக்குங்கோ."

ஆஸ்பத்திரியில் நேர்சாக இருக்கும் மரியரஞ்சனி, தனக்கு ஈரல் கூடப் போடவேணும் என்றாள். இராஜதுரையும் கை தூக்கினார். மொத்தம் ஏழு வீடு. அங்கேயுள்ள மான் நல்ல கிடாயளவுகூட வராது என்று தயாபரன் சொல்லப் பார்த்தான். அதற்குள் பிரட்டலா குழம்பா என்ற வழக்குத் தொடங்கிவிட்டது.

இராஜதுரையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். வயதில் மூத்தவர், ஒரு காலை இழுத்து நடப்பார். தொண்ணூறாம் ஆண்டு மட்டக்களப்புப் பக்கம் ஷெல் துண்டு பட்டு மரமுந்திரிகைத் தோட்டத்துக்குள் கிடந்தவர். அதை ஒவ்வொரு கொண்டாட்டத்திலும் பகிடியாகச் சொல்லுவார். எறும்பு வந்து காதுக்குள் புகுந்தது, உடும்பு ஒன்று வந்து இவன் செத்தவனோ இருக்கிறவனோ என்று பார்த்துவிட்டுப் போனது, பழுத்த முந்திரிப்பழம் ஒன்று சரியாக நெற்றியில் விழுந்தது. சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். எவ்வளவு நேரம் கிடந்தார் என்பதை மட்டும் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

வீட்டில் தயாபரனுடைய மனைவி கிருஷ்ணகுமாரி கேதாரகௌரி விரதம். ஒருநேரச் சாப்பாடு. விரதம் முடிந்து கையில் காப்பு நூல் கட்டும் வரைக்கும் வீட்டுக்குள் மீன், இறைச்சி, எந்த மச்சமும் வராது. அவள் சண்டை பிடிக்கவில்லை. பயணப்பைக்கு மேல் துவாயை மடித்து வைத்துக்கொண்டே சொன்னாள்:

"நான் விரதம் இருக்கிற நேரம் பாத்து நீங்கள் உயிர் எடுக்கப் போறியள். போங்கோ. நான் விளக்கு வைச்சு அம்மாளிட்டைச் சொல்லிப்போட்டன், ஒண்டும் அம்பிடக் கூடாது எண்டு."

"அம்மாளுக்கு டென்மார்க் தெரியுமோ?" என்று தயாபரன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

நிலக்காரர் எழுபதை நெருங்கியவர், அதிகம் பேசாதவர். காட்டோரத்தில் இரண்டு பரண்கள் கட்டி வைத்திருந்தார். ஒவ்வொரு பரணையும் சுற்றி, இருபத்தைந்து மீற்றர் தூரத்து மரங்களில் சிவப்பு நாடா கட்டியிருந்தது. நாடாவுக்கு உள்ளே வந்தால் விடலாம், வெளியே நின்றால் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். அவ்வளவுதான் அவருடைய பிரசங்கம். காரணத்தைப் பரீட்சைக்கு முன்னமே படிப்பித்திருந்தார்கள். அட்டையில் செய்த மானுக்குக் காதில்லை, நிஜ மானுக்கு இருக்கிறது. நாண் தெறிக்கும் சத்தம் அம்பை முந்திக்கொண்டு போய்ச் சேரும். கிட்ட நின்றால் மான் அசைய முதல் அம்பு போய்விடும். தூர நின்றால் அது திடுக்கிட்டுத் திரும்ப நேரமிருக்கும், நெஞ்சுக்கு விட்ட அம்பு வேறெங்காவது ஏறும். உன் கை எவ்வளவு திறம் என்பது அங்கே கணக்கில்லை. இதை தயாபரன் பரீட்சையில் பிழையில்லாமல் எழுதியவன்.

முதல்நாள் ஒன்றும் வரவில்லை. இரண்டாம்நாள் ஒரு நரி வந்தது. கடைசி நாள் காலை, பகல் கப்பலுக்குப் போகவேண்டிய நாள், பனிப்புகார் கலைகிற நேரத்தில் ஒரு பெண்மான் வெளியே வந்தது. நாடாவுக்கு அப்பால் நின்றது. தலையைக் குனிந்து மேய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி மேய்ந்தது. உள்ளே ஓரடி வைக்கவில்லை.

தயாபரன் காத்திருந்தான். நேரம் போய்க்கொண்டிருந்தது. அவனுக்கு ஏழு வீடும் நினைவுக்கு வந்தன. வெறுங்கையோடு போய் இறங்கினால் குகநேசன் அடுத்த தீபாவளி வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். நாற்பது மீற்றர் இருக்கும், கூடினால் நாற்பத்தைந்து. சங்கத்தில் இது அவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடுகிற தூரம். வில்லை இழுத்தான். கை ஆடவில்லை. விட்டான்.

நாண் சத்தத்துக்கு மான் திடுக்கிட்டுப் பதிந்து திரும்பியதை அவன் கண்ணால் கண்டான். பிறகு அது முதுகைக் கூனிக்கொண்டு நின்றது. பாய்ந்து ஓடவில்லை. வயிற்றுவலிக்காரரைப் போல மெல்ல மெல்ல நடந்து, வாய்க்கால் ஓரத்து இளம் ஸ்புரூஸ் மரங்களுக்குள் போனது.

இறங்கிப் போனான். அம்பு மான் நின்ற இடத்துக்குப் பின்னால் மண்ணில் குத்தி நின்றது. சிவப்பு அதிகமில்லை. தண்டு முழுக்கப் பச்சையாக வழுவழுத்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோக முதலே மணம் வந்துவிட்டது. பங்குக் கிடாயின் இரைப்பை மணம். வேறு யாராக இருந்தாலும் சந்தேகத்தின் பலனைத் தனக்குக் கொடுத்திருப்பான். ஒஸ்லோவில் இத்தனை கிடாயின் குடல் கழுவியவனுக்கு அந்த வசதி இல்லை. வயிற்றில் பட்டிருக்கிறது. உடனே சாகாது. கிடந்து கிடந்துதான் சாகும்.

அப்படிப் பட்டால் என்ன செய்வது என்பதும் பரீட்சையில் வந்ததுதான். துரத்தக்கூடாது, சொல்லவேண்டும். நிலக்காரர் காயப்பட்ட மிருகத்தைத் தேடுகிற நாயைக் கூப்பிடுவார். நாய் கண்டுபிடிக்கும், துவக்கால் சுட்டு முடித்துவிடுவார்கள். ஆனால் சொன்னால் எங்கே நின்றது என்று கேட்பார்கள். நாடாவுக்கு அப்பால் என்று சொல்லவேண்டி வரும்.

தயாபரன் அம்பை ஈரப் புல்லில் துடைத்தான். முதலில் தண்டை, பிறகு முனையை, பிறகு இறகுகளை ஒவ்வொன்றாக. அம்பு விட்ட கணத்துக்காவது அவசரம் என்று ஒரு சாட்டுச் சொல்லலாம். துடைத்ததற்குச் சாட்டே இல்லை. அதை அவன் ஆறுதலாக, வடிவாகச் செய்தான்.

ஏகில் மற்றப் பரணிலிருந்து இறங்கி வந்தான்.

"விட்டாயா?"

"பொம்," என்றான் தயாபரன் சத்தமாக. குறி தவறினால் நோர்வேக்காரர் சொல்லுகிற ஒற்றைச் சொல். துடைத்த அம்பைத் தூக்கிக் காட்டி, நாடா கட்டிய மரத்தடியையும் காட்டினான். "அதிலேதான் நின்றது."

ஏகில் அவன் தோளில் தட்டினான். வேட்டையில் ஒருவன் சொன்னால் சொன்னதுதான். போய்த் தோண்டித் துருவிப் பார்ப்பது அவர்களுக்குள் மரியாதையில்லை.

துறைமுகத்தில் கார் வரிசையில் நிற்கும்போது கிருஷ்ணகுமாரி தொலைபேசியில் எடுத்தாள்.

"என்ன, அம்பிட்டதோ?"

"இல்லை. படேல்லை."

மறுபக்கத்தில் ஒரு நீண்ட மூச்சு. அவளுடைய குரல் இளகிப்போனது. "பாத்தியளே. அம்மாள் காப்பாத்திப்போட்டா அந்தச் சீவனை. நான் ஒவ்வொருநாளும் விளக்கு வைக்கேக்கை கேட்டனான். வெறுங்கையோடை வாங்கோ, அதுதான் நல்லது. உங்களுக்கும் ஒரு காப்பு எடுத்து வைச்சிருக்கிறன்."

தயாபரன் சரி என்று சொல்லி வைத்தான். ஊரை ஏய்க்கிறது வேறு. பட்டினி கிடக்கிறவளுடைய விரதத்தை ஏய்க்கிறது வேறு.

கப்பல் புறப்பட்டது. சாப்பாட்டு மண்டபத்தில் ஏகில் பாண் துண்டும் கோப்பியும் வாங்கி வந்தான். தயாபரன் பாணை வாய்க்குக் கொண்டுபோனான். விரலில் அந்த மணம். எழுந்து போய்ச் சவுக்காரம் போட்டுக் கழுவினான். வந்து உட்கார்ந்தால் மறுபடி மணம். இரண்டாம் தடவையும் போனான். குடல் கழுவிய கைக்கு எலுமிச்சம்புளிதான் மருந்து என்று அவனுக்குத் தெரியும். கப்பலில் தேத்தண்ணிக்கு வைத்திருந்த எலுமிச்சம் துண்டை எடுத்துத் தேய்த்தான். பக்கத்து மேசைக் கிழவி அதிசயமாகப் பார்த்தாள்.

"நிலக்காரர் கேட்டார், சும்மா எதற்கும் நாயை விட்டுப் பார்க்கவா என்று," என்றான் ஏகில். "தயா தவறிவிட்டது என்றால் தவறிவிட்டதுதான், தேவையில்லை என்று சொல்லிவிட்டேன்."

அப்போதாவது சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. டென்மார்க் கரை மறைந்தது. ஏகில் செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போட்டான். வெயில் யன்னலில் ஏறி இறங்கியது. தயாபரன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான், கண்ணுக்குள் அந்தக் கூனிய முதுகு நடந்துகொண்டே இருந்தது. பகல் பாதி கழிந்த பிறகுதான் அவனுக்கு நாக்குப் புரண்டது.

"ஏகில். பட்டது."

ஏகில் நிமிர்ந்தான்.

"வயிற்றில். நாடாவுக்கு வெளியே நின்றது. அம்பை நான் துடைத்தேன்."

திட்டினால் நன்றாக இருந்திருக்கும். ஏகில் பேனாவை மூடி வைத்தான். நடுக்கடலில் கைத்தொலைபேசி வேலை செய்யாது; எழுந்து கப்பல் கவுண்டருக்குப் போய்த் தொலைபேசி கேட்டு நிலக்காரரை எடுத்தான். அவன் முதுகு மட்டும் தெரிந்தது. திரும்பி வந்து, "நாயோடு போகிறார்," என்றான். குறுக்கெழுத்தை எடுக்கவில்லை. அவனும் கடலைப் பார்த்தான்.

கப்பல் ஒஸ்லோ ஃபியோர்டுக்குள் நுழைந்து, கரைகளில் வெளிச்சங்கள் கொளுத்தத் தொடங்கிய நேரம் ஏகிலின் கைத்தொலைபேசி அடித்தது. கேட்டான், "ம்" என்றான், நன்றி சொல்லி வைத்தான்.

"உயிரோடு கிடந்ததாம். நாய் வருவதைத் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்ததாம். எழும்ப முடியவில்லை. இப்போதுதான் முடித்தார்."

"எங்கே?"

"வாய்க்கால் ஓரம். மரங்களுக்குள் நுழைந்த இடத்திலேயே படுத்துவிட்டது. உன் பரணிலிருந்து கூப்பிடு தூரம்." ஏகில் பையைத் தோளில் போட்டான். "இறைச்சி ஒன்றுக்கும் ஆகாது. புதைத்துவிட்டார். இனிமேல் அங்கே நம்மைக் கூப்பிடமாட்டார். நானும் உன்னைக் கூட்டிக்கொண்டு போகமாட்டேன், தயா. சங்கத்துக்கு வா. அங்கே வரலாம்."

கூப்பிடு தூரம். அப்படியானால் அவன் சத்தமாக "பொம்" என்று சொன்னது அதற்கும் கேட்டிருக்கும்.

அன்று இரவே கிருஷ்ணகுமாரியிடம் சொன்னான். சுவாமித்தட்டில் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவள் போத்தலைக் கீழே வைத்தாள்.

"அப்ப அம்மாள் காப்பாத்தேல்லை," என்றாள்.

"இல்லை."

"நான் தேங்காய்கூட உடைச்சுப்போட்டனே." போத்தலை மூடினாள். "மிச்ச நாளும் நீங்களும் விரதம் இருங்கோ. எனக்கெண்டில்லை, அந்தச் சீவனுக்கு."

இருந்தான். பஸ் ஓட்டிக்கொண்டு ஒருநேரச் சாப்பாட்டோடு இருந்தான். காப்புக் கட்டுகிற நாளில் கோயிலில் ஐயர் கையை நீட்டச் சொன்னபோது, அடுத்தவருக்குக் கட்டுங்கோ என்று விலகி நின்றுகொண்டான். எடுத்து வைத்த காப்பு சுவாமித்தட்டிலேயே கிடந்தது. பட்டினியால் வயிறு காய்ந்தது, அவ்வளவுதான். மனதில் கிடந்தது கிடந்தபடியே கிடந்தது.

பங்கு ஞாயிறு வந்தது. மான் இல்லாவிட்டால் என்ன, குகநேசன் ஒரு கிடாயைப் பேசி, ரொம்மனில் தன் வீட்டில் புட்டும் பிரட்டலும் அடுக்கிவிட்டான். ஏழு வீட்டு ஆட்களும் வந்திருந்தார்கள். தொலைக்காட்சியில் ஊரிலிருந்து வாகரைப் பக்கத்துச் சண்டைச் செய்தி போய்க்கொண்டிருந்தது, சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள்.

"டென்மார்க் வேடனுக்கு ஒரு பெரிய துண்டு போடுங்கோ," என்று குகநேசன் தொடங்கினான். "மான் இவனைக் கண்டு சிரிச்சதாம். சிரிச்சதிலை அம்பு விலத்திப் போட்டுதாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு சிரித்துவிட்டு இருந்திருந்தால் காரியம் அன்றோடு முடிந்திருக்கும். தயாபரன் சாப்பாட்டுப் பிளேட்டைக் கீழே வைத்தான்.

"விலத்தேல்லை. பட்டது," என்றான். "விடக்கூடாத தூரத்திலை விட்டனான். வயித்திலை பட்டது. படேல்லையெண்டு பொய் சொல்லிப்போட்டு வந்திட்டன்."

எல்லோரும் அவனைத் தேற்றத் தொடங்கினார்கள். அதுதான் அவனுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

"விடுங்கோ அண்ணா, வேணுமெண்டோ செய்தனீங்கள்?" என்றாள் மரியரஞ்சனி.

"என்ன மச்சான் நீ," என்றான் குகநேசன். தொலைக்காட்சியைக் கையால் காட்டினான். "அங்கை சனம் காயத்தோடை கிடக்குது. நீ இஞ்சை ஒரு மானுக்கு மூஞ்சையைத் தூக்கி வைச்சுக்கொண்டு. சாப்பிடு."

குகநேசன் சொன்னதில் பிழையில்லை. காயத்தோடு கிடப்பது என்றால் என்னவென்று தெரியாத ஊரிலிருந்து வந்தவனா அவன்? தெரிந்துகொண்டுதானே அம்பைத் துடைத்தான்.

மூலைக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு இராஜதுரை இருந்தார். இந்த மாதிரி நேரத்தில் எறும்புக் கதையை எடுத்துவிட்டு எல்லோரையும் சிரிக்கவைக்கிறவர் அவர்தான். குகநேசன்கூட அதை எதிர்பார்த்து அவர் பக்கம் திரும்பினான். அவர் புட்டைப் பிசைந்த கையை நிறுத்தினார்.

"எவ்வளவு நேரம் கிடந்தது?" என்று கேட்டார்.

தயாபரனுக்கு விளங்கவில்லை. "என்ன அண்ணை?"

"மான். எவ்வளவு நேரம் கிடந்தது?"

"விடியக்காலமையிலையிருந்து," என்றான் தயாபரன். "பொழுதுபடும் வரைக்கும்."

"உயிரோடையோ?"

"ஓம்."

"நீ நிண்ட இடத்துக்குக் கிட்டவோ?"

"கூப்பிடு தூரம்."

இராஜதுரை தலையை ஆட்டினார். கோபம் ஒன்றும் முகத்தில் இல்லை. பிளேட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் கிடந்த தோட்டத்துக்கு அங்காலை றோட்டு. நடந்து போற ஆக்கள் கதைக்கிறது எனக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. எனக்குக் கத்த ஏலாமல் கிடந்தது. இரத்தத்தை அவையளும் கண்டவையள்தான். ஒருத்தரும் சொல்லேல்லை."

குகநேசன் ரிமோட்டை எடுத்துத் தொலைக்காட்சியை அணைத்தான். இராஜதுரை ஒரு பிடி புட்டை வாயில் வைத்தார். விக்கியது.

தயாபரன் எழுந்து தண்ணீர்ச் சாடியோடு அவரிடம் போனான். அவர் கிளாஸை நீட்டினார். ஐம்பது மீற்றரில் ஆடாத கை ஆடியது. தண்ணீர் அவருடைய நீட்டிய காலில் சிந்தியது. இராஜதுரை மற்றக் கையால் சாடியின் அடியைப் பிடித்துக்கொண்டார். கிளாஸ் நிரம்பும் வரைக்கும் விடவில்லை.